மொரோக்கோ புதினாத் தேநீர்: தேயிலையைக் கழுவுவது முதல் நுரை எழுப்புவது வரை

புதினாத் தேநீர் என்றதும், கொதிக்கும் நீரில் புதினாவைப் போட்டு வடிகட்டிக் குடிக்கும் கஷாயம் ஒன்றுதான் பலருடைய நினைவுக்கு வருகிறது. நானும் அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன். ஒரு கட்டுப் புதினாவையும் பச்சைத் தேயிலையையும் ஒன்றாகப் பாத்திரத்தில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கியபோது, குளத்துப் பாசியின் நிறத்தில் ஒரு நீர் கிடைத்தது. எவ்வளவு சர்க்கரையைக் கொட்டியும், நாக்கின் ஓரங்களைச் சுருட்டி இழுத்த அதன் துவர்ப்பு அடங்கவில்லை. தவறு அளவில் இல்லை, வரிசையில் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மொரோக்கோவில் ‘அதாய்’ என்று வழங்கும் இந்தத் தேநீர், அடிப்படையில் சீனப் பச்சைத் தேயிலையின் சாறு. புதினா அதில் கடைசியாகச் சேர்வது. தேயிலையைக் கழுவும் முறையும், கலக்குவதற்குக் கரண்டியைத் தொடாமல் தம்ளருக்கும் குடுவைக்கும் இடையே ஊற்றி ஊற்றிச் சேர்க்கும் முறையும் கைவந்துவிட்டால், மற்றவை எளிதாக அமைந்துவிடும்.

எந்தத் தேயிலையை வாங்குவது என்ற கேள்விக்கான விடை மொரோக்கோவின் வரலாற்றிலேயே இருக்கிறது. அந்நாட்டில் தேயிலை விளைவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தூதர்கள் சுல்தான்களுக்குக் கொண்டுவந்த பரிசுப் பொருள்களில் ஒன்றாகத் தேயிலை அரண்மனைக்குள் நுழைந்தது; அப்போது அது செல்வந்தர்களின் பானமாகவே இருந்தது. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரின்போது பால்டிக் கடல் பகுதிச் சந்தைகள் அடைபட்டுப் போகவே, பிரிட்டிஷ் வணிகர்கள் தங்களிடம் தேங்கிய சீனத் தேயிலையை டான்ஜியர், மொகடோர் ஆகிய மொரோக்கோத் துறைமுகங்களில் கொண்டுபோய் இறக்கினார்கள். (மொகடோரின் இன்றைய பெயர் எஸ்ஸவீரா.) அதன் பிறகே அது சந்தைக்கும் கிராமத்துக்கும் கூடாரத்துக்கும் பரவியது. அதற்கு முன்பே அங்கே வீட்டுக்கு வீடு இருந்த புதினாவோடு, கப்பலில் வந்த தேயிலையும் சர்க்கரையும் சேர்ந்துகொண்டன. ஆகவே, இந்தத் தேநீருக்கு உரிய தேயிலை இன்றும் சீனத்தின் செஜியாங் மாகாணத்திலிருந்து வரும் உருண்டைத் தேயிலைதான். வெடிமருந்துத் தூளின் குருணையைப் போல இருப்பதால் ஆங்கிலத்தில் அதற்குக் ‘கன்பவுடர்’ என்று பெயர் வந்தது. சீனர்கள் அதை முத்துத் தேயிலை என்கிறார்கள்.

இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரிய தேயிலைக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும். குருணை இறுக்கமாகச் சுருண்டு, சற்றே பளபளப்போடு, கருமை கலந்த பச்சையாக இருக்க வேண்டும்; பொட்டலத்தின் அடியில் தூள் மிகுதியாகச் சேர்ந்திருந்தால் அது பழைய சரக்கு. இலையை இவ்வாறு உருட்டி வைப்பதில் இரண்டு பயன்கள் உண்டு. காற்றுப் படும் பரப்புக் குறைவதால் நீண்ட பயணத்திலும் மணம் கெடாது. கொதிநீரில் போட்டாலும் உடனே விரியாமல் மெல்ல மெல்ல அவிழ்வதால், மற்றப் பச்சைத் தேயிலைகள் தாங்காத சூட்டை இது தாங்கும். ஜப்பானியப் பச்சைத் தேயிலையை 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடான நீரில் போடாதே என்று எச்சரிக்கிறார்கள். இங்கே கொதிக்கக் கொதிக்க ஊற்றுகிறோம், அடுப்பிலும் வைக்கிறோம். உருண்டைத் தேயிலை கிடைக்காவிட்டால், நீலகிரியிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் முழு இலைப் பச்சைத் தேயிலையைக் கொண்டு ஓரளவு ஒப்பேற்றலாம். ஆனால் அதை அடுப்பில் வைக்காமல், கொதிநீரில் இரண்டு நிமிடம் ஊறவைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பைகளில் அடைத்து வரும் தேயிலைத் தூள் இதற்கு எவ்வகையிலும் ஆகாது. அதைக் கழுவ முடியாது. கழுவாமல் இந்தத் தேநீர் இல்லை.

புதினா விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மொரோக்கோவில் ‘நானா’ என்று சொல்லப்படுவதும், நம் காய்கறிக் கடையில் கட்டாக விற்கும் புதினாவும் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அங்கே மெக்னெஸ் நகரைச் சுற்றி விளையும் புதினாவுக்குத் தனிப் பெயர் உண்டு. இலை அடர்த்தியாகவும் மணம் இனிப்பாகவும் இருக்கும் என்று அதைத் தேடி வாங்குகிறார்கள். பற்பசை வாசனை வீசுகிற மற்றொரு புதினாவைத்தான் தவிர்க்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய, இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தால் போதும்: மூக்கில் குளிர் ஏறினால் அதில் மெந்தால் மிகுதி, குளிர்ச்சி குறைந்து பசுமையான இனிய வாசனை மேலோங்கினால் அதில் கார்வோன் என்னும் வாசனைப் பொருள் மிகுதி. நமக்கு வேண்டியது பின்னது. சதகுப்பை விதையின் வாசனைக்கும் இதே கார்வோன்தான் காரணம் என்பது ஒரு வேடிக்கை. மூலக்கூறு கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல இடவலம் மாறி அமைந்திருப்பதால் மட்டுமே இரண்டும் நம் மூக்குக்கு வேறு வேறாகத் தெரிகின்றன.

புதினா அன்று வாங்கியதாக இருப்பது நல்லது. முந்திய நாள் வாங்கினால், பூங்கொத்தைப் போலத் தண்டுகள் நீரில் நிற்கும்படி ஒரு தம்ளரில் வைத்துக்கொள்ளலாம். வேரையும் தண்டின் தடித்த அடிப்பகுதியையும் வெட்டிவிட்டு, கறுத்த இலைகளைக் கிள்ளி எறிந்து, மண் போக மூன்று நான்கு முறை அலசி, நீரை உதறி வைக்க வேண்டும். இலைகளைத் தனியே ஆய வேண்டியதில்லை. மேல் தண்டோடு முழுக் கிளையாகவே போடுவது வழக்கம். உலர்ந்த புதினாத் தூளைப் பயன்படுத்துவதாக இருந்தால் இந்தத் தேநீரைப் போடாமல் இருப்பதே மேல்.

அடுத்தது சர்க்கரை. மொரோக்கோக் கடைகளில் இன்றும் ஏறக்குறைய இரண்டு கிலோ எடையுள்ள கூம்பாகச் சர்க்கரை விற்கிறது. நிச்சயதார்த்தத்துக்கும் துக்க வீட்டுக்கும் அதை எடுத்துச் செல்வார்கள். அதைச் சிறு சுத்தியலால் உடைத்துக் கட்டி கட்டியாகத் தேநீரில் போடுவார்கள். நம் வீட்டில் வெள்ளைக் கற்கண்டு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது, சாதாரண சர்க்கரையும் போதும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றுக்குத் தமக்கென ஒரு வாசனை உண்டு. அது புதினாவை அமுக்கிவிடும். கீழே சொல்லும் அளவைப் பார்த்து மலைப்பவர்கள் இருப்பார்கள். முதல் முறை அந்த அளவிலேயே போட்டுப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். ஏனெனில் இங்கே தேயிலையின் கடுமையும் சர்க்கரையின் இனிப்பும் தராசின் இரு தட்டுகளைப் போல நிற்கின்றன. சர்க்கரையை மட்டும் பாதியாக்கினால் கசப்புத்தான் எஞ்சும். குறைக்க விரும்புகிறவர்கள் தேயிலையையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் குடுவையில் போடாமல், மெல்லிய தேநீராகத் தங்களுக்குத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பாத்திரங்களில், அங்கே ‘பர்ராத்’ எனப்படும் உலோகக் குடுவை முதன்மையானது. வயிறு பருத்து, நீண்டு வளைந்த மூக்கோடு, கூம்பு மூடியோடு இருக்கும். மூக்கு தொடங்கும் இடத்தில் உட்புறம் சிறு துளைகள் இட்டிருப்பதால் தனி வடிகட்டி தேவைப்படுவதில்லை. வெள்ளி முலாம் பூசிய அலங்காரக் குடுவையை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. துருப்பிடிக்காத எஃகினால் ஆன சாதாரணக் குடுவையை வைக்கலாம். வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குடுவையே இல்லாதவர்கள் ஒரு சிறு பாத்திரத்தில் காய்ச்சி, நீண்ட மூக்குள்ள எந்தக் கெட்டிலிலாவது வடிகட்டிக்கொண்டு பரிமாறலாம். தம்ளர்கள் கண்ணாடியால் ஆனவையாக, ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் பிடிக்கும் சிறியவையாக இருக்க வேண்டும். கண்ணாடிதான் வேண்டும் என்பது அழகுக்காக மட்டும் அன்று. நிறத்தைப் பார்த்தே தேநீர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தீர்மானிக்கப் போகிறோம்.

அளவு

ஐந்து சிறிய தம்ளர் தேநீருக்கு: உருண்டைத் தேயிலை இரண்டு தேக்கரண்டி, புதினா கை நிறையக் கொள்ளும் ஒரு கட்டு, சர்க்கரை 50 முதல் 60 கிராம், குடுவையில் நிற்க வேண்டிய நீர் அரை லிட்டர். கழுவுவதற்கும் குடுவையைச் சூடாக்குவதற்கும் சேர்த்து முக்கால் லிட்டருக்குச் சற்று மேலாகவே நீரைக் கொதிக்கவைத்துக்கொள்ள வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் தேநீர் கலங்கி மந்தமாக இருக்கும் என்பதால் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

செய்முறை

முதலில் குடுவையில் கொஞ்சம் கொதிநீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டால் குடுவை சூடேறும். அதில் தேயிலையைப் போட்டு, ஒரு சிறிய தம்ளர் கொதிநீரை அதன்மேல் ஊற்றுங்கள். இப்போது குடுவையை ஆட்டவோ சுழற்றவோ கூடாது. ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, நீரை மட்டும் மெதுவாகத் தம்ளரில் வடித்துப் பாருங்கள்: தெளிந்த, தேன் நிறமான சாறு கிடைக்கும். தேயிலையின் மணம் முதலில் இறங்குவது இதில்தான் என்பதால் மொரோக்கோவில் இதைத் தேநீரின் உயிர் என்று மதித்து எடுத்து வைக்கிறார்கள். தம்ளரை ஓரமாக வைத்து மூடிவிடுங்கள்.

இரண்டாவதாக, மறுபடியும் ஒரு தம்ளர் கொதிநீரைத் தேயிலைமேல் ஊற்றி, இம்முறை குடுவையைக் கையில் எடுத்து நன்றாகச் சுழற்றிக் குலுக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து வடித்தால், முன்பு வந்த சாறா இது என்று ஐயுறும்படி கலங்கலான, மங்கிய பழுப்பு நீர் வரும். தூசியும், முதல் கடுமையும் இதோடு போகின்றன. இதைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த நீரும் அதே அளவு கலங்கலாக வந்தால் இன்னொரு முறை கழுவலாம். அதற்கு மேல் கழுவினால் தேயிலையில் ஒன்றும் மிஞ்சாது. நம் சமையலறையில் அரிசி களையும்போது முதல் கழுநீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதை மண்டி என்னும் குழம்புக்கு எடுத்து வைக்கிறோம். இங்கே கணக்கு தலைகீழ், முதல் நீரைக் காத்து இரண்டாவதைக் கொட்டுகிறோம். பழக்கத்தில் கை தவறி உயிரைக் கொட்டிவிட்டுக் கலங்கலை வைத்துக்கொண்டு விழித்த அனுபவம் எனக்கு உண்டு. இரு தம்ளர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இனி, எடுத்து வைத்த முதல் சாற்றைக் குடுவைக்குள் திரும்ப ஊற்றி, அரை லிட்டர் கொதிநீரையும் சேர்த்து, சிறு தீயில் அடுப்பில் வையுங்கள். குடுவையின் கழுத்துவரை நிரப்பினால் பொங்கி வழிந்துவிடும். புதினாவுக்கும் இடம் வேண்டும். சிறிது நேரத்தில், அவிழ்ந்த இலைகள் நுரையோடு மேலே எழுந்து வரும். அவ்வாறு எழுந்த பிறகு இரண்டு நிமிடம் போதும். ஐந்து நிமிடம் வைத்தால் நிறம் கூடும், கசப்பு அதைவிட வேகமாகக் கூடும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

புதினாவை இரு கைகளாலும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவது போல ஒரே ஒரு முறை லேசாகத் திருகிக் குடுவைக்குள் இறக்குங்கள். சாறு வடியுமளவுக்குக் கசக்கக் கூடாது. இலை கறுத்துப் புல் வாசனை வந்துவிடும். கிளைகள் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும் என்பதில் மொரோக்கோக்காரர்கள் மிகுந்த கண்டிப்பு உடையவர்கள். நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இலை ஆவியில் வெந்து கருகி, குடுவை முழுவதன் ருசியையும் கெடுத்துவிடும் என்பது அவர்கள் கருத்து. அதனால்தான் சர்க்கரைக் கட்டிகளைப் புதினாவுக்கு மேலே அடுக்குகிறார்கள்: சர்க்கரையின் பாரத்தில் புதினா அமிழ்கிறது, சர்க்கரையும் கரைகிறது. தூள் சர்க்கரை போடுகிறவர்கள் ஒரு கரண்டியின் காம்பால் புதினாவை உள்ளே அழுத்திவிடலாம். மூடிவைத்து நான்கு நிமிடம் பொறுத்திருங்கள். இந்த நிலையில் மறுபடி அடுப்பை ஏற்றக் கூடாது. நான் முதலில் குறிப்பிட்ட பாசி நிறம் அதன் விளைவுதான்.

சர்க்கரை அடியில் தேங்கியிருக்கும் என்பதால் இப்போது கலக்க வேண்டும். கரண்டியை உள்ளே விட்டால் இலை கிழிந்து கலங்கும். ஆகவே ஒரு தம்ளர் நிறையத் தேநீரை ஊற்றி, அதை அப்படியே குடுவைக்குள் திருப்பி ஊற்றுங்கள். இப்படி நான்கு அல்லது ஐந்து முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: முதல் தம்ளர் வெளிறிப்போய் நீர்த்திருக்கும், நான்காவது தம்ளர் பொன்னிறத்தில் சற்றே தடித்து இறங்கும். அப்போது ஒரு வாய் குடித்துப் பாருங்கள். விருந்தினர் முன்னிலையில் தேநீர் போடுகிறவர் முதலில் தாமே சுவைத்துப் பார்த்துச் சர்க்கரையைச் சரிசெய்வது அங்கே முறையானதுதான்; அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஊற்றுவது

நமக்கு டீ ஆற்றுவதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் டீக்கடையில் இரண்டு குவளைகளும் அகன்ற வாயுடையவை, சிந்தினாலும் பாதகமில்லை. இங்கே மெல்லிய ஒரு தாரை, சிறிய ஒரு தம்ளருக்குள் விழ வேண்டும். எனவே குடுவையின் மூக்கைத் தம்ளரின் விளிம்போடு ஒட்டி வைத்து ஊற்றத் தொடங்கி, தாரை சீரான பிறகு கையை ஒரே வீச்சில் மேலே உயர்த்தி, முடிக்கும்போது மீண்டும் கீழே கொண்டுவர வேண்டும். ஒரு முழ உயரம் தாராளம். கைப்பிடி சுடும், துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் தண்ணீரைக் குடுவையில் நிரப்பி, கழுவுதொட்டியில் நின்று பத்து முறை பழகிக்கொள்வது மேசை விரிப்புக்கு நல்லது.

உயரத்திலிருந்து விழும் தாரை காற்றை உள்ளே இழுத்துச் செல்வதால் தேநீரின் மேலே பொடிக் குமிழ்களாக நுரை கட்டுகிறது. தேயிலையிலுள்ள சப்போனின் என்னும் பொருள்கள் அந்த நுரையைச் சிறிது நேரம் நிற்கவைக்கின்றன; சீயக்காய் நுரைப்பதற்கும் அவ்வகைப் பொருள்தான் காரணம். இந்த நுரையை அங்கே தலைப்பாகை என்ற பொருளுள்ள சொல்லால் குறிப்பிடுகிறார்கள். தலைப்பாகை கட்டாத தேநீரை விருந்தினருக்கு நீட்டக் கூசுவார்கள். தம்ளரை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல் விட்டால்தான் நுரைக்கும் இடமிருக்கும், விளிம்பைப் பிடித்துத் தூக்கவும் முடியும். வடிகட்டியின் வழியாக ஊற்றினால் தாரை உடைந்து நுரை வராது; ஆகவே வடிகட்ட வேண்டியவர்கள் முன்னதாகவே வேறொரு கெட்டிலில் வடித்துக்கொண்டு, அதிலிருந்து உயர்த்தி ஊற்ற வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் நுரை வரவில்லை என்றால் தேயிலை பழையதாகவோ அளவு குறைவாகவோ இருக்கும்.

குளிர்காலத்தில் மொரோக்கோவில் புதினாவின் விளைச்சலும் மணமும் குறைகின்றன. அப்போது ‘ஷீபா’ என்னும் கசப்பு மூலிகையின் ஒரு சிறு கிளையைத் தேநீரில் போடுகிறார்கள். அது நம் மாசிபத்திரிக்கும் மரிக்கொழுந்துக்கும் உறவான செடி. உறவுதான், அதுவே அன்று, ஆகவே அவற்றைப் பதிலாகப் போட வேண்டாம். ஷீபாவைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். வசந்தத்தில் ஆரஞ்சுப் பூக்களை இரண்டொன்று மிதக்கவிடும் வழக்கமும் உண்டு. பூச்சரத்தில் வைத்துக் கட்டும் மரு என்ற செடியையும் அங்கே தேநீரில் சேர்க்கிறார்கள்; வீட்டுத் தொட்டியில் வளர்ந்தால் ஒரு கொழுந்து கிள்ளிப் போட்டுப் பார்க்கலாம், பூக்கடையில் வாங்கியது பூச்சிமருந்து தெளித்ததாக இருக்கக்கூடும் என்பதால் ஆகாது. இஞ்சி, ஏலக்காய், எலுமிச்சம்பழம் ஆகியவற்றைச் சேர்த்தால் அதுவும் ஒரு நல்ல தேநீர்தான், ஆனால் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதைவிட, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கின்றன. இரத்தசோகை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காஃபீனும் இதில் உண்டு என்பதால், இரவு ஒன்பது மணிக்கு மூன்று தம்ளர் குடித்துவிட்டுத் தூக்கத்தைத் தேட வேண்டாம்.

முதல் குடுவை தீர்ந்ததும் தேயிலையைக் கொட்டிவிடாதீர்கள். வாடிய புதினாவை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, அரைத் தேக்கரண்டி புதிய தேயிலையைக் கழுவிச் சேர்த்து, கொதிநீரும் புதிய புதினாவும் முன்பைவிடச் சற்றுக் குறைவான சர்க்கரையும் இட்டால் இரண்டாம் குடுவை தயாராகிவிடும். பலருக்கு அதுதான் முதலாவதைவிடப் பிடிக்கிறது. அதற்குப் பிறகு குடுவையைக் காலி செய்து, மூக்கின் உள்துளைகளில் சிக்கிய இலைகளைக் கொதிநீர் விட்டு அகற்றி, மூடியைத் திறந்தபடியே கவிழ்த்துக் காயவையுங்கள். ஈர இலையோடு இரவு முழுவதும் மூடிக் கிடந்த குடுவையில் மறுநாள் எவ்வளவு நல்ல புதினாவைப் போட்டாலும் பூஞ்சை வாடைதான் முன்னால் வரும்.